வாய் திறக்காத பிள்ளை: வகுப்பறையில் மொழியும் பண்பாடும்

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி, 1960களின் பிற்பாதி. எட்டு வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவனின் பேச்சைப் பதிவு செய்ய ஓர் ஆய்வாளர் வருகிறார். அவரும் ஹார்லெமில் வளர்ந்த கறுப்பினத்தவர்தான். ஆனாலும் அவர் கேட்கும் எதற்கும் பையனிடமிருந்து பதில் பெயரவில்லை. தலையாட்டல், ஒற்றைச் சொல், நீண்ட மௌனம். அடுத்த முறை வரும்போது அவர் ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல் கொண்டுவந்தார். பையனின் உற்ற சிநேகிதனையும் கூட அழைத்துக்கொண்டார். தரையில் உட்கார்ந்தார். தெருவில் புழங்கும் கெட்ட வார்த்தைகளைத் தானே முதலில் சொல்லிப் பேச்சை ஆரம்பித்தார். அவ்வளவுதான். இரண்டு பையன்களும் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து, வாதாடி, போட்டி போட்டுக்கொண்டு பேசினார்கள்.

மொழியியலாளர் வில்லியம் லபாவ் 1969இல் எழுதிய கட்டுரையில் வரும் நிகழ்ச்சி இது. ஏழைக் கறுப்பினக் குழந்தைகளுக்கு மொழியே சரியாக வாய்க்கவில்லை, மொழியே இல்லாத பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டுதான் அவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்க வேண்டும் என்று கல்வியாளர்கள் புத்தகம் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. கார்ல் பெரைட்டர், சீக்ஃபிரீட் எங்கல்மன் இருவரின் 1966ஆம் ஆண்டு நூல் அந்த வகையில் பேர்போனது. லபாவ் சொன்னது எளிமையானது: முதல் நாள் அந்த அறையில் பதிவானது பையனின் மொழித்திறன் அல்ல. பெரியவர் ஒருவரின் விசாரணையில் மாட்டிக்கொண்ட குழந்தையின் தற்காப்பு அது.

வகுப்பறையில் மொழியும் பண்பாடும் என்ன செய்கின்றன என்ற கேள்வியை ஆராய்ந்தவர்கள் ஏராளம். அவர்கள் எழுதியதையெல்லாம் வரிசையாகப் படித்துக்கொண்டு போனால், திரும்பத் திரும்ப வந்து நிற்பது இந்த வாய் திறக்காத பிள்ளைதான். நாடு மாறும், நிறம் மாறும், மொழி மாறும். ஆனால் எங்கேயும் பள்ளிக்கூடம் அந்த மௌனத்தை ஒரே விதமாகத்தான் படிக்கிறது: மந்தம், வெட்கம், வீட்டில் கவனிப்பு இல்லை. வீட்டுப் பேச்சுக்கும் பள்ளிப் பேச்சுக்கும் இடையே உள்ள பள்ளம் என்று படிப்பது அரிது. நம் ஊரில் இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் 'தமிழ் வழியா, ஆங்கில வழியா' என்ற ஒற்றைச் சண்டையாகக் குறுகிப்போவது எனக்கு நீண்ட நாள் வருத்தம். அந்தச் சண்டை தேவையானதுதான். ஆனால் அது கேட்காமல் விட்ட கேள்விகள் அதைவிடப் பெரியவை.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற பூர்வகுடிப் பகுதி. அங்கே வகுப்பறைகளில் உட்கார்ந்து கவனித்தவர் சூசன் பிலிப்ஸ் என்ற மானிடவியலாளர். ஆசிரியர் ஒருவரை எழுப்பிக் கேள்வி கேட்டால் அந்தப் பிள்ளைகள் பேசவில்லை. நான்கைந்து பேராகச் சேர்ந்து தாங்களே ஒரு வேலையைச் செய்யும்போது அதே பிள்ளைகள் தங்கு தடையில்லாமல் பேசினார்கள். அவர்கள் சமூகத்தில் குழந்தை முதலில் பெரியவர்களைப் பார்க்கும், பிறகு யாரும் பார்க்காத இடத்தில் செய்து பழகும், கைவந்துவிட்டது என்று தனக்கே தோன்றிய பிறகுதான் பிறர் முன் செய்துகாட்டும். பள்ளியிலோ அரைகுறையாகத் தெரிந்ததைக்கூட எல்லார் முன்னாலும் சொல்லித் தப்பு செய்து தப்பு செய்துதான் கற்க வேண்டும். இரண்டு கற்றல் முறைகளுக்கும் நடுவில் குழந்தை ஊமையானது. 1972இல் கட்டுரையாகவும் 1983இல் நூலாகவும் வந்த ஆய்வு இது.

அதே 1983இல் வந்த இன்னொரு நூலைக் கல்வியில் அக்கறை உள்ள யாரும் தவறவிடக் கூடாது என்பேன். ஷெர்லி பிரைஸ் ஹீத் 1969 முதல் 1978 வரை கரோலினா மாநிலங்களின் பீட்மாண்ட் பகுதியில், ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகள் இரண்டில் பழகி எழுதியது. கறுப்பினத்தவர் குடியிருப்பை டிராக்டன் என்றும், வெள்ளையர் குடியிருப்பை ரோட்வில் என்றும் புனைபெயரிட்டு அழைத்தார். அவர் கவனித்தது மிகச் சிறிய விஷயம்: பெரியவர்கள் குழந்தைகளிடம் எப்படிப்பட்ட கேள்வி கேட்கிறார்கள்? பள்ளியில் ஆசிரியர் கேட்பது, 'இது என்ன? என்ன நிறம்? எத்தனை இருக்கிறது?' விடை ஆசிரியருக்கு முன்பே தெரியும். டிராக்டன் வீடுகளில் விடை தெரிந்த கேள்வியை யாரும் கேட்பதில்லை. தெரிந்துகொண்டே ஏன் கேட்க வேண்டும்? அங்கே கேட்பது, 'இது எது மாதிரி இருக்கு? அவன் யாரைப் போல நடக்கிறான்?' ஒப்பிட்டுச் சொல்லும் கேள்விகள். அந்த வீட்டுப் பிள்ளை முதல் வகுப்பில் 'இது என்ன நிறம்' என்று கேட்டதும் திகைத்துப்போகிறது. கண்ணெதிரே இருக்கிறதே, இவருக்குத் தெரியாதா?

ரோட்வில் பிள்ளைகளின் கதை வேறு. அவர்கள் வீட்டில் பெயர் சொல்லும் கேள்விகள் நிறைய உண்டு. அதனால் முதல் இரண்டு மூன்று வகுப்புகளில் நன்றாகவே படித்தார்கள். ஆனால் அங்கே கதை என்றால் நடந்தது நடந்தபடி சொல்வது. கற்பனை சேர்த்தால் பொய். 'நீ அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பாய்' என்று மேல் வகுப்பில் கேட்கத் தொடங்கியதும் அவர்களும் பின்தங்கினார்கள். ஆக, பள்ளியோடு பொருந்திப்போவது என்பது எல்லாக் காலத்துக்கும் கிடைத்த வரம் அல்ல.

ஹீத்தோடு வேலை செய்த ஆசிரியர்கள் கேள்விகளை மாற்றிப் பார்த்தார்கள். பிள்ளைகளின் தெரு, தோட்டம், பாலம் ஆகியவற்றைப் படம் பிடித்து வகுப்புக்குக் கொண்டுவந்து, 'இங்கே என்ன நடக்கிறது? நீ போயிருக்கிறாயா? இது எது மாதிரி?' என்று கேட்டார்கள். வாயடைத்திருந்தவர்கள் பேசினார்கள். பிறகு மெல்ல, பெயர் சொல்லும் கேள்வியையும் ஒரு விளையாட்டின் விதியைப் போல அவர்களுக்குக் கற்றுத்தந்தார்கள். ஐந்தாம் வகுப்பு அறிவியல் பாடம் ஒன்றில், பயிர் வளர்ப்பு பற்றி ஊர் விவசாயிகளிடம் போய்க் கேட்டு எழுதி வரச் சொன்னார்கள். விவசாயி சொன்னதைப் புத்தகம் சொல்வதோடு ஒத்துப் பார்ப்பது மாணவர் வேலை. அந்த ஆண்டு அந்தப் பாடத் தேர்வில் பெரும்பாலானோர் தேறினார்கள்.

நம் வகுப்பறைக் கேள்வியையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். பாடம் முடிந்ததும் 'புரிஞ்சுதா?' வகுப்பு முழுவதும் ஒரே குரலில், 'புரிஞ்சுது டீச்சர்!' 'சந்தேகம் இருந்தா கேளுங்க.' கேட்க எந்தப் பிள்ளை துணியும்? வீட்டில் கேள்வி கேட்டால் அதிகப்பிரசங்கி. பெண் பிள்ளை கேட்டால் வாயாடி. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே பத்து வருடம் வாயை மூடப் பழக்கிவிட்டு, பள்ளியில் 'கேளுங்க' என்றால் வருமா? ஆசிரியர் காத்திருப்பதும் இல்லை. கேள்வி கேட்ட ஆசிரியர் விடைக்காகச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார், மூன்று விநாடி பொறுத்தால் விடைகள் நீள்கின்றன, பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்று 1970களில் மேரி பட் ரோ கண்டு சொன்னார். மூன்று விநாடிப் பொறுமைக்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

பண்பாட்டை வைத்துப் பாடம் நடத்துவது பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் எடுத்துக்காட்டுவது ஹவாய். ஹோனலூலுவில் 1970களின் தொடக்கத்தில் கமேஹமேஹா பள்ளிகளின் நிர்வாகம் ஆரம்பித்த கல்வித் திட்டம் அது. பூர்விக ஹவாய்க் குழந்தைகள் வாசிப்பில் தொடர்ந்து கடைசியில் நின்றார்கள். முதலில் எழுத்தொலிப் பயிற்சியைக் கூட்டினார்கள். பிள்ளைகள் சொன்னபடி கேட்டு உழைத்தார்கள். வாசிப்பு மட்டும் நகரவில்லை. பிறகு வகுப்புக்கு வெளியே பிள்ளைகள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஹவாயில் 'டாக் ஸ்டோரி' என்று ஒரு பேச்சு முறை உண்டு. ஒருவர் கதை சொல்ல, மற்றவர் நடுவே புகுந்து சேர்க்க, மூன்றாமவர் திருத்த, எல்லாரும் சேர்ந்து ஒரே கதையை நெய்வது. நம் திண்ணைப் பேச்சு, களத்துமேட்டுப் பேச்சு மாதிரி. வகுப்பில் அது 'கையைத் தூக்காமல் கத்துவது' ஆகிவிட்டிருந்தது. கேத்ரின் ஆவ் முதலானோர் அந்தப் பேச்சு முறையையே வாசிப்புப் பாடத்துக்குள் கொண்டுவந்தார்கள். முதலில் பிள்ளையின் அனுபவம், பிறகு புத்தகத்தின் கதை, பிறகு இரண்டையும் கோப்பது. ஆசிரியர் பேச்சைத் திசை திருப்புவார், யார் பேச வேண்டும் என்று சொல்லமாட்டார். சில ஆண்டுகளில் அந்தப் பிள்ளைகள் வாசிப்புத் தேர்வுகளில் நாட்டுச் சராசரியை ஒட்டி வந்துவிட்டார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது இதன் தொடர்ச்சி. 1983இல் அதே குழு அரிசோனாவில் ரஃப் ராக் என்ற ஊரில் நவஹோ இனப் பிள்ளைகளுக்கு அதே முறையைக் கொண்டுபோனது. வேலைக்கு ஆகவில்லை. நவஹோப் பிள்ளைகள் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுவதில்லை. ஒருவர் நிறுத்தி நிதானமாகச் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தார்கள். கதையைத் துண்டு துண்டாக வெட்டி இடையில் கேள்வி கேட்டால் பிடிக்கவில்லை. முழுவதும் கேட்டுவிட்டுப் பேச விரும்பினார்கள். ஆணும் பெண்ணும் கலந்து நான்கைந்து பேராக உட்கார்த்தினால் வேலை நடக்கவில்லை. ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாக, இரண்டு மூன்று பேராக இருந்தால் நடந்தது. ஓரிடத்தில் வென்ற செய்முறையை அச்சடித்து எல்லாப் பள்ளிக்கும் அனுப்ப முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பண்பாட்டுக்கேற்ற கல்வி என்பது ஒரு கையேடு அல்ல. ஒவ்வொரு ஊரிலும் ஆசிரியர் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய வேலை அது.

இதைப் படிக்கும்போதெல்லாம் நன்னூல் நினைவுக்கு வருகிறது. ஆசிரியர் சொல்வதைச் செம்மையாகக் கேட்டாலும் கிடைப்பது கால் பங்குதான், உடன் பயில்வோரோடு பழகிப் பேசுவதில் ஒரு கால், பிறருக்கு எடுத்துரைப்பதில் மீதி அரை என்று பவணந்தியார் பாயிரத்திலேயே கணக்குச் சொல்லிவிட்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டு நூல். சக மாணவரோடு பேசுவது நமக்கு அந்நியமான முறை அல்ல. 'பேசாதே' என்று கரும்பலகையில் பெயர் எழுதும் வகுப்பறைதான் பின்னால் வந்தது.

பயிற்று மொழி பற்றிய ஆய்வுகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் அதில் அடிப்படை உண்மை பெரிய சர்ச்சைக்கு உரியதல்ல. யுனெஸ்கோவின் 1953ஆம் ஆண்டு அறிக்கை தாய்மொழியில் தொடக்கக் கல்வி என்பதை வலியுறுத்தியது. நைஜீரியாவின் இஃபே நகரில் 1970இல் பாப்ஸ் ஃபஃபுன்வா தலைமையில் தொடங்கிய திட்டத்தில் ஒரு தொகுதிப் பிள்ளைகள் ஆறு ஆண்டும் யொரூபா மொழியில் படித்தார்கள், ஆங்கிலத்தைத் தனிப்பாடமாக நல்ல ஆசிரியரிடம் கற்றார்கள். மூன்றாண்டுக்குப் பிறகு ஆங்கில வழிக்கு மாறிய பிள்ளைகளை அவர்கள் மற்றப் பாடங்களில் முந்தினார்கள், ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. கனடாவின் ஜிம் கம்மின்ஸ் காட்டிய வேறுபாடு பெற்றோர் அனைவரும் அறிய வேண்டியது: புதிய மொழியில் விளையாட்டுத் திடலில் சரளமாகப் பேச ஏறக்குறைய இரண்டு ஆண்டு போதும், அந்த மொழியில் பாடத்தைப் புரிந்து படிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். பிள்ளை ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் சொல்வதைக் கேட்டு மகிழ்ந்து, அறிவியலும் ஆங்கிலத்தில் புரிகிறது என்று நம்புவது இந்த இடைவெளி தெரியாததால்தான்.

எதிர்ச்சான்று ஒன்றையும் சொல்ல வேண்டும். மான்ட்ரியல் நகரை ஒட்டிய செயின்ட் லாம்பர்ட்டில் 1965 முதல் ஆங்கிலம் பேசும் குழந்தைகளை முழுக்க பிரெஞ்சில் படிக்க வைத்தார்கள். அவர்கள் பிரெஞ்சும் கற்றார்கள், ஆங்கிலத்தையும் இழக்கவில்லை. ஆனால் அவர்களின் தாய்மொழி அந்த நாட்டில் அதிகாரமும் மதிப்பும் உள்ளது. வீடு நிறையப் புத்தகம். யாரும் அவர்கள் மொழியைத் தாழ்வாகப் பேசவில்லை. இரண்டாம் மொழி முதல் மொழியின் மேல் கட்டப்பட்டது. முதல் மொழியை இடித்துவிட்டு அந்த இடத்தில் கட்டப்படவில்லை. ஸ்வீடனுக்குக் குடிபெயர்ந்த பின்லாந்துத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு நேர்ந்தது இடிப்புதான். இரண்டு மொழியிலும் அவர்கள் தடுமாறுவதை 1970களின் ஆய்வுகள் பதிவு செய்தன. நம் ஊர்ப் பெற்றோர் மனத்தில் இருப்பது செயின்ட் லாம்பர்ட். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கிடைப்பது அது அல்ல.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தமிழ் வழியில் சேர்த்துவிட்டால் பிள்ளை தன் மொழியில் படிக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது பாதி உண்மைதான். ஒரே சமூகத்தில் எழுத்துக்கு ஒரு மொழிவடிவம், பேச்சுக்கு இன்னொன்று என்று நிலைத்துவிடுவதைச் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் இரட்டை வழக்காக விளக்கினார். பிரான்சிஸ் பிரிட்டோ 1986இல் அதைத் தமிழுக்குப் பொருத்தி ஒரு முழு நூலே எழுதினார். முதல் வகுப்புப் பிள்ளை படத்தைப் பார்த்து 'பூனை பால் குடிக்குது' என்கிறது. புத்தகம் 'பூனை பால் குடிக்கிறது' என்கிறது. 'அவர்கள்' என்ற சொல் எந்த வீட்டிலும் இல்லை. மதுரைப் பக்கம் அவுக, நெல்லையில் அவிய, மற்ற பல ஊர்களில் அவங்க. பிள்ளை வீட்டில் தண்ணி குடிக்கும், புத்தகத்தில் நீர் அருந்தும். வீட்டுக்குப் போகும், புத்தகத்தில் இல்லம் செல்லும். இத்தனையும் தமிழ்தான். ஆனால் ஐந்து வயதில் இது இன்னொரு மொழிக்குப் பாதி தூரம்.

எழுத்துத் தமிழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருபது வட்டாரங்களையும் பல நாடுகளையும் ஒரே வாசகர் கூட்டமாகக் கட்டியிருப்பது அதுதான். பிள்ளை அதை அடைந்தே ஆக வேண்டும். கேள்வி, அங்கே போகும் பாதை எது என்பது. 'அவர்கள் வருகிறார்கள்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஒரு பிள்ளை 'அவங்க வர்றாங்க' என்று வாசித்தால் அது தப்பா? அந்தப் பிள்ளை எழுத்தைப் பார்த்தது, பொருளைப் பிடித்தது, தன் மொழிக்கு மாற்றியும் விட்டது. வாசிப்பின் உச்சம் அது. எழுத்துக் கூட்டி 'வ-ரு-கி-றா-ர்-க-ள்' என்று பிசகாமல் ஒப்பித்துவிட்டு, என்ன வாசித்தாய் என்றால் விழிக்கும் பிள்ளையைவிட இது பல படி மேலே. வாசிப்பில் நேரும் இத்தகைய விலகல்களைப் பிழையாக எண்ணாமல், குழந்தையின் மூளை வேலை செய்வதைக் காட்டும் சாளரமாகப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கக் கல்வியாளர் கென்னத் குட்மன் 1960களிலிருந்தே எழுதினார். நம் வகுப்பறையில் முதல் பிள்ளைக்குத்தான் திட்டு விழுகிறது.

இன்னொரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் 'அம்மா வந்துச்சு' என்றுதான் சொல்லும். அஃறிணை முடிவில் அன்பு ஊறிக் கிடக்கிறது. பள்ளியில், 'அம்மாவைப் போய் வந்துச்சு என்பதா? ஆடா மாடா?' என்று ஆசிரியர் கேட்கும்போது வகுப்பு சிரிக்கும். திருத்தப்பட்டது வினைமுற்று மட்டுமல்ல. தன் வீட்டில் மரியாதை தெரியாது என்று அந்தப் பிள்ளைக்கு அன்று சொல்லியாயிற்று. இதில் சாதியும் வர்க்கமும் கலந்தே இருக்கின்றன. எந்தத் தெருவின் பேச்சு 'கொச்சை', எந்தத் தெருவின் பேச்சு 'இயல்பு' என்று தீர்மானிப்பது இலக்கணம் அல்ல. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது, அச்சேறத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட ஒரு பேச்சு, நூல் முழுவதையும் தாங்கி நின்றது. தொடக்கப் பள்ளியின் வாசலில் அதே பேச்சு இன்றும் செருப்போடு சேர்த்துக் கழற்றப்படுகிறது.

அமெரிக்காவில் ஆன் ஆர்பர் நகரத்துக் கறுப்பினப் பெற்றோர் இதை நீதிமன்றத்துக்கே கொண்டுபோனார்கள். 1979இல் நீதிபதி சார்லஸ் ஜாய்னர், பிள்ளைகளின் வீட்டு மொழியைத் தாழ்வாக நினைக்கும் ஆசிரியர்களின் தன்னறியா மனப்பாங்கே வாசிப்புக்குத் தடையாகலாம் என்று ஏற்று, அந்த மொழியை ஆசிரியர்கள் அறிந்துகொள்ளப் பள்ளி நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றார். சிங்கப்பூரில் நிலைமை வேறு: அங்கே பல தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டு மொழியே ஆங்கிலமாகி வருகிறது. வகுப்பில் கற்ற எழுத்துத் தமிழைக் கொண்டு யாரோடும் பேச முடியவில்லை. 2005இல் அமைந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் முறையான இடம் தரப் பரிந்துரைத்தது. தமிழ் உலகில் இந்தத் துணிவு அங்கேதான் வந்தது. தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் ஆசிரியர் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் கரும்பலகை வந்தது. ஹார்லெமில் தரையில் உட்கார்ந்த அந்த ஆய்வாளரைப் போல. ஆனால் அந்த முறையின் பாட அட்டைகளில் இருந்த தமிழ் எழுத்துத் தமிழாகவே இருந்தது.

தமிழே வீட்டு மொழியாக இல்லாத பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். நரிக்குறவர் வீடுகளில் பேசுவது வாக்ரிபோலி, இந்தோ ஆரிய மொழி. 2023இல்தான் அவர்கள் பழங்குடிப் பட்டியலுக்கு வந்தார்கள். கூடலூர்ப் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகளுக்குப் பள்ளித் தமிழ் முதல் நாளிலேயே வேற்று மொழி. 2011 கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு 80 விழுக்காடு, பழங்குடியினரிடையே 54.3. இந்த வித்தியாசத்துக்கு வறுமையும் தூரமும் காரணம்தான். மொழியும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வருவதில்லை, ஏனென்றால் மொழியால் ஒடுக்கப்பட்டவர்கள் என்றே நம்மைப் பார்த்துப் பழகியிருக்கிறோம். தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கு மாநிலங்கள் வசதி செய்ய வேண்டும் என்று அரசமைப்பின் 350ஏ பிரிவு 1956 முதல் சொல்கிறது. ஒடிசா 2007இல் பத்துப் பழங்குடி மொழிகளில் பாடநூல் எழுதி, அந்தந்தச் சமூகத்து ஆசிரியர்களைக் கொண்டு தொடங்கியது, பிறகு இருபத்தொரு மொழிகளுக்கு விரித்தது. கூடலூரில் வித்யோதயா பள்ளி பழங்குடி இளைஞர்களையே ஆசிரியராக்கியது. மாநில அளவில் இந்த வழியில் நாம் நடந்தது குறைவு.

பண்பாடு மொழியோடு முடிவதில்லை. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் வியாபாரம் செய்யும் ஐந்து பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் போனார்கள். 1985இல் வெளியான ஆய்வு. பத்துத் தேங்காய் எவ்வளவு, மீதி எவ்வளவு என்று வாடிக்கையாளராகக் கேட்டபோது 98 விழுக்காடு சரியான விடை. அதே கணக்குகளைப் பள்ளிக் கணக்காகத் தாளில் எழுதிக் கொடுத்தபோது 37 விழுக்காடு. அதே பிள்ளை, அதே எண். நம் மார்கழி வாசலில் 'பதினஞ்சு புள்ளி, எட்டு வரை ஊடுபுள்ளி' என்று ஒரு சிறுமி சொன்னால், நடுவில் 15, இரு பக்கமும் 14, 13 என்று குறைந்து 8இல் முடியும் 169 புள்ளிகள் அவள் விரலில் இருக்கின்றன. கூட்டுத்தொடர் வரிசை என்று பத்தாம் வகுப்பில் அவளைப் பயமுறுத்தும் பாடம் அவள் வாசலில் காய்ந்துகொண்டிருக்கிறது. கோலத்தின் அமைப்பைக் கணினி அறிவியல் வரை கொண்டுபோனவர்கள் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோன்மணியும் அவர் குழுவினரும். 1970களிலேயே. கடலோரப் பிள்ளைக்குக் கச்சானும் சோழகமும் அப்பா வலை ஏற்றும் நேரத்தோடு சேர்ந்த அறிவு. பாடநூலில் அதே காற்றுகளுக்குக் கோடை, தென்றல் என்று பெயர். 'உங்க அப்பா இந்தக் காத்தை என்னன்னு சொல்வாங்க?' என்ற ஒரு கேள்வியில் அந்தப் பிள்ளை வகுப்புக்கே ஆசிரியராகிவிடும். அரிசோனாவின் டூசான் நகரில் லூயிஸ் மோல் குழுவினர் 1990களில் ஆசிரியர்களை மாணவர் வீடுகளுக்கு அனுப்பியது இதற்காகத்தான். புகார் சொல்ல அல்ல, கற்றுக்கொள்ள. மெக்சிகோவிலிருந்து மிட்டாய் கொண்டுவந்து விற்கும் ஒரு மாணவனின் தொழில் ஒரு முழுப் பாடமானது. மிட்டாய் செய்யத் தெரிந்த பெற்றோர் ஒருவர் வகுப்புக்கு வந்து சொல்லித்தந்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பண்பாடு என்ற சொல்லைத் தடவிக் கொடுத்துக்கொண்டே போக முடியாது. திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடியில் நெல்லும் பொன்னும் அளந்த கணக்கு ஊரோடு ஒட்டியது, உண்மை. தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாகப் பதிவானதும் உண்மை. அந்தத் திண்ணையில் ஏற எத்தனையோ சாதிப் பிள்ளைகளுக்கு உரிமை இல்லை என்பதும், பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம் என்பதும் அதே அளவுக்கு உண்மை. அதிகப்பிரசங்கி, வாயாடி என்ற சொற்களும் நம் பண்பாடுதான். அவற்றை வகுப்பறைக்குள் விடக் கூடாது. 'மீனவப் பிள்ளைக்குக் கடல் பாடம் போதும்' என்று சொல்லத் தொடங்கினால் அது குலக்கல்வியின் மறுபிறப்பு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரை நாள் பள்ளித் திட்டத்தைத் தமிழ்நாடு ஏன் அவ்வளவு ஆவேசமாக எதிர்த்தது என்பதை இந்த விவாதத்தில் மறக்கவே கூடாது.

கறுப்பின ஆசிரியர் லிசா டெல்பிட் 1988இல் இதே கோபத்தோடு எழுதினார்: அதிகாரத்தின் மொழியை ஏழைப் பிள்ளைகளுக்கு மறைக்காமல், வெளிப்படையாக, கண்டிப்பாகக் கற்றுத்தர வேண்டும். வீட்டு மொழியைக் கொண்டாடுகிறோம் என்று சொல்லி அதை மறுப்பது இன்னொரு வஞ்சனை. ஆங்கில வழியில் சேர்க்க வட்டிக்குக் கடன் வாங்கும் பெற்றோரை நான் ஒருபோதும் குறை சொல்லமாட்டேன். அவர்கள் சந்தையையும் சாதியையும் நம்மைவிடத் தெளிவாகப் படித்தவர்கள். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. தாய்மொழி வழியைத் தொடக்கப் பள்ளிகள் மீது அரசு திணிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் கர்நாடக வழக்கில் தீர்ப்பளித்தது. பிலிப்பைன்ஸ் 2009இல் ஆர்வத்தோடு தொடங்கிய தாய்மொழி வழிக் கல்வியை 2024இல் சட்டம் இயற்றிக் கைவிட்டது. கட்டளையால் வந்தது கட்டளையால் போனது. வழி எதுவானாலும், ஆங்கில வழி வகுப்பில் தமிழில் விளக்கம் கேட்கும் பிள்ளைக்கு அபராதம் போடுவதை நிறுத்தலாம். தமிழ் வழி வகுப்பில் ஆங்கிலத்தைப் பயமில்லாமல் பேச வைக்கும் ஆசிரியரைத் தரலாம். இரண்டுக்கும் எந்தத் தீர்ப்பும் தடையில்லை.

ஹீத் தன் நூலின் பின்னுரையில் ஒரு துயரத்தைப் பதிவு செய்தார். பத்தாண்டு உழைத்து அந்த ஆசிரியர்கள் கண்ட வழிகள், புதிய தேர்வு முறையும் மேலிருந்து வந்த பாடத்திட்டமும் நுழைந்ததும் பெரும்பாலும் மறைந்துபோயின. சலித்துப்போய்ச் சிலர் வேலையையே விட்டார்கள். ஹவாய்த் திட்டமும் 1995இல் மூடப்பட்டது. ஊரில் போய் உட்கார்ந்து கேட்ட நேரம் எந்தப் பதிவேட்டிலும் வேலை நேரமாகக் கணக்கில் வரவில்லை. நம் தொடக்கப் பள்ளி ஆசிரியரின் மேசையிலும் பதிவேடுகள் குவிந்து கிடக்கின்றன: வருகை, சத்துணவு, சீருடை, தேர்ச்சி நிலை. ஜூன் மாதம் முதல் வகுப்பில் வந்து உட்காரும் முப்பது பிள்ளைகளும் தண்ணியை, அம்மாவை, பயத்தை வீட்டில் என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று எழுதிவைக்க அங்கே ஒரு பக்கம்கூடக் கிடையாது.